கிலோபாஸ்கல் எண் ஒன்றை மட்டும் நம்புவதால் நேரும் தவறுகள்

ஏங்லர், டிஷர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மஜ்ஜையிலிருந்து பெற்ற ஸ்டெம் செல்கள் (பலவகைச் செல்களாக மாறக்கூடியவை) 1 கிலோபாஸ்கலுக்கும் (விறைப்பை அளக்கும் அலகு) குறைவான விறைப்புள்ள மென்மையான ஜெல்லில் நரம்பணுவையும், 8 முதல் 17 வரை தசையையும், 25 முதல் 40 வரை எலும்பையும் ஒத்த அடையாளங்களைக் காட்டின. இதை ‘இத்தனை கிலோபாஸ்கலுக்கு இந்தத் திசு’ என்ற அட்டவணையாக வாசிப்பதே மிகப் பரவலான தவறு. விறைப்பு ஒரு விசை அன்று. செல்லைச் சுருங்கச் செய்யும் மயோசின் புரதத்தின் உதவியுடன் செல் தானே அடித்தளத்தை இழுக்கிறது, அந்த இழுப்புக்குக் கிடைக்கும் எதிர்ப்பையே உணர்கிறது. பிளெபிஸ்டாட்டின் என்ற வேதிப்பொருளால் மயோசினைத் தடுத்தபோது, அதே ஜெல்கள் செல்களைத் திசைதிருப்பும் ஆற்றலை இழந்தன. மேலும், ஓரிரு நரம்புப் புரதங்கள் தென்பட்டதாலேயே ஒரு செல் மின்குறிப்பு அனுப்பும் நரம்பணு ஆகிவிடாது.

ஜெல்லின் தடிமனைக் குறிப்பிடாமல் விடுவது சிறிய கவனக்குறைவாகத் தோன்றலாம். ஆனால் சில மைக்ரான் தடிமனே உள்ள மென்மையான படலத்தின் மீது பரவும் செல், அடியிலுள்ள கண்ணாடியையும் சேர்த்தே உணர்கிறது. ஜெல்லின் மூலக்கூறு இழைகளை இணைக்கும் குறுக்குப் பிணைப்பைக் கூட்டினால் விறைப்போடு துளைகளின் அளவும், செல் ஒட்டிக்கொள்ள ஜெல்லின் மேல் பூசிய புரதம் பற்றி நிற்கும் விதமும் மாறக்கூடும். செல்களின் மாற்றத்துக்குக் காரணம் இந்தப் புரதப் பிணைப்பே என 2012இலும், விறைப்பே என 2014இலும் வாதிட்ட ஆய்வுகள் வெளிவந்ததை அறியாமல் இத்துறையில் முடிவு சொல்வது அவசரம்.

திசுக்கள் ரப்பரைப் போல் மீள்வன அல்ல. இழுத்துப் பிடித்தால் அவற்றில் எழும் தகைவு (உள் எதிர்விசை) நேரத்தோடு தளர்கிறது. தொடக்க விறைப்பு சமமாக இருந்தும், வேகமாகத் தளரும் ஆல்ஜினேட் (கடற்பாசிப் பொருள்) ஜெல்லில் எலும்பாக்கம் கூடியதை 2016இல் சௌத்ரி, மூனி குழுவினர் காட்டினர். தட்டையான பரப்பில் கண்ட விதியை முப்பரிமாணத்துக்கு அப்படியே கொண்டுசெல்வதும் பிழையே: அங்கே உருண்டை வடிவில் அடைபட்ட செல்லும் எலும்புப் பாதையை எடுக்கக்கூடும்.

பலரும் மறப்பது செல்லின் முன்வரலாறு. வளர்ப்புத் தட்டின் பிளாஸ்டிக் கிகாபாஸ்கல் (பத்து இலட்சம் கிலோபாஸ்கல்) அளவில் விறைப்பானது. மூளைத் திசுவை விடப் பல இலட்சம் மடங்கு. விறைப்பான பரப்பில் நீண்ட நாள் வளர்ந்த செல்களை மென்மையான ஜெல்லுக்கு மாற்றிய பிறகும் விறைப்பான பரப்பில் உட்கருவுக்குள் செல்லும் யாப் (YAP) புரதம் அங்கேயே தங்கியிருந்ததை 2014இல் ஆன்செத் குழு கண்டது. எனவே செல்கள் பிளாஸ்டிக்கில் எத்தனை நாள், எத்தனை தலைமுறை வளர்ந்தன என்பதையும் ஜெல்லின் விறைப்போடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.