கடுக்காயில் ஊறி மஞ்சிட்டியில் சிவந்த துண்டு

திருவனந்தபுரம் பக்கத்தில் பாலராமபுரம் கைத்தறித் துணியை மூலிகைச் சாயத்தில் தோய்த்து ‘ஆயுர்வஸ்திரம்’ என்று விற்கிறார்கள். அந்த வழியில் ஒரு பருத்தித் துண்டை நம் வீட்டிலேயே சிவக்க வைக்கலாம். மஞ்சிட்டி வேர், கடுக்காய்த் தூள், படிகாரம் மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மஞ்சிட்டி, தோல் கோளாறுகளுக்குக் கொடுக்கும் மகாமஞ்சிஷ்டாதி கஷாயத்தில் சேரும் வேர்தான்.

100 கிராம் துணிக்குக் கணக்கு சொல்கிறேன். முதலில் பூந்திக்கொட்டை போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். காய்ந்த துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்துப்போல் நின்றால் கஞ்சியோ மெழுகுப் பிசுக்கோ இன்னும் போகவில்லை, மறுபடி கொதிக்க வையுங்கள்.

அடுத்தது கடுக்காய். பலர் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் இரண்டே சலவையில் சாயம் போய்விட்டது என்று வருத்தப்படுகிறார்கள். சாயத்தைத் துணியில் ஒட்டவைப்பது படிகாரம். பருத்தி அந்தப் படிகாரத்தைத் தானாக நன்றாகப் பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்புதான் பிடித்து வைக்கும். 20 கிராம் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணி நன்றாக மூழ்கும்படி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அலசாமல் பிழிந்து வெயிலில் போட்டால் வெளுத்த மஞ்சளாகக் காயும். இரும்புப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது, துவர்ப்பு இரும்பைத் தொட்டதும் துணி கறுத்துவிடும். எவர்சில்வர் போதும், ஆனால் அதில் பிறகு சமைக்காதீர்கள்.

மறுநாள் 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் துணியை முக்கி இரவு முழுக்க வைத்து, லேசாக அலசுங்கள்.

சரி, இனி சாயம். ஊறவைத்த 100 கிராம் மஞ்சிட்டித் தூளை ஒரு மணி நேரம் சூடாக்கி வடிகட்டி, துணியைப் போட்டு, விரல் பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்கவிடாமல் (கொதித்தால் சிவப்பு பழுப்பாக மங்கிவிடும்), இன்னும் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுத்தால் செங்கல் நிறத்தில் அழகாக நிற்கும்.

சொரியாசிஸ், கரப்பான் இருப்பவர்கள் இந்தத் துண்டை மருந்துக்கு மாற்றாக நினைத்து மருத்துவர் கொடுத்ததை நிறுத்திவிடாதீர்கள், புண் இருக்கும் இடத்தில் கட்டவும் வேண்டாம்.

துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். உலர்த்துவது நிழலில்.