பழைய டிராக்டரைத் தேற்றுவதா, இரும்புக்குப் போடுவதா?

கொட்டகையில் வருடக்கணக்கில் நிற்கிற டிராக்டரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்ஜின் ஓடுமா?" ஓடாத இன்ஜினைப் பார்த்து அவ்வளவு பயப்பட வேண்டாம். பிஸ்டன், ரிங், லைனர் எல்லாம் பல மாடல்களுக்கு இன்னும் கடையில் கிடைக்கிற சாமான்தான். கடையில் கிடைக்காதது எது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் சொல்வது வார்ப்பிரும்புப் பாகங்களை. பல டிராக்டர்களில் தனியாகச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, இன்ஜின் பிளாக்கும் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் இவற்றின் வெளிக்கூடுகளும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு மொத்த பாரத்தையும் தாங்குகின்றன, அதனால் அங்கே ஒரு விரிசல் விட்டால் மற்றதெல்லாம் புத்தம் புதிதாக இருந்தும் பிரயோஜனமில்லை. அப்பிக்கிடக்கிற கிரீஸையும் மண்ணையும் டீசல் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். வார்ப்பிரும்பை வெல்டு செய்ய முடியும்தான், ஆனால் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிடத் தெரிந்த கை வேண்டும். பாரம் தாங்குகிற இடமென்றால் அதையும் நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் எண்ணெய். இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் அடி போல்ட்டையும் மெதுவாகத் தளர்த்துங்கள். நெடுநாள் அசையாமல் நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். கியர்பாக்ஸில் வந்தால், பெரும்பாலும் கியர் லிவரின் கிழிந்த ரப்பர் வழியாக இறங்கிய மழைதான். இன்ஜினில் வந்தால் மூடாத சைலன்சர் வழியாக மழை இறங்கியிருக்கலாம், பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக்கே வெடித்திருக்கவும் கூடும், அதனால் காரணம் தெரியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

இன்ஜின் இறுகியிருந்தால் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு இன்ஜின் முன்பக்கம் பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லியின் நட்டில் நீள ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுத்தால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும், தேறியிருக்க வேண்டிய இன்ஜின் அத்தோடு போச்சு.

பேரிங், ஆயில் சீல் போனதற்காக யாரும் வண்டியைக் கைவிடாதீர்கள். பேரிங்கைத் துடைத்தால் நம்பர் தெரியும்: 6206 என்றால் உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62, யார் செய்ததானாலும் அளவு அதேதான்.

கலப்பையில் சட்டம் வளையாமல் இருந்தால் போதும், கொழு தேய்வதற்கென்றே இருக்கிற பாகம். ரோட்டவேட்டரிலும் கத்தியை விட்டுவிட்டுக் கியர்பாக்ஸைப் பாருங்கள். மருந்து தெளிப்பானின் பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் வெளிறி விரிசல் விட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கழிக்க வேண்டியதுதான். அறுவடை இயந்திரம் வேறு கதை, அதில் ஒவ்வொரு பெல்ட்டும் அறுப்பு நேரம் பார்த்துத்தான் அறும், உதிரிக்கு அதே மாடல் இன்னொன்று கையில் இல்லாவிட்டால் நான் தொட மாட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். டயர், பேட்டரி, ரேடியேட்டர், கூலி எல்லாவற்றையும் எழுதி (டயரைத்தான் எல்லோரும் மறப்பார்கள்), கழற்றிய பிறகு தெரியவருவதற்காகக் கால்பங்கு கூட்டுங்கள். அதே மாடல் ஓடுகிற நிலையில் விற்கிற விலையில் பாதியை அது தாண்டினால் விட்டுவிடலாம். தாத்தா ஓட்டிய வண்டி என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அந்தச் செலவை விவசாயக் கணக்கில் எழுதாதீர்கள்.

இரும்புக்குத்தான் என்று முடிவானால் ஸ்டார்ட்டர், ஹைட்ராலிக் பம்ப், ரிம் இவற்றைக் கழற்றித் தனியாக விற்றுவிடுங்கள், செம்பையும் பித்தளையையும் இரும்போடு சேர்த்து எடை போட விடாதீர்கள். எண்ணெயை மண்ணில் விடாமல் கேனில் பிடியுங்கள். டீசல் டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், கேஸ் கட்டர் வைத்தால் வெடிக்கும், ஆகவே கட்டர்காரர் வருவதற்கு முன்பே அதைக் கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள்.