மழைக்கால ரங்கூனில் ஸ்மியர் போட்டு மைலாய்டு அணுக்களைப் பார்ப்பது

பர்மாவில் ரங்கூனிலும் மோல்மீனிலும் சிறிய லேப்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளணுக்களை மூன்றே பிரிவாக எண்ணும் கவுண்டர் மெஷின்தான். மோனோசைட், பேசோஃபில், முதிராத அணுக்கள் எல்லாவற்றையும் அது ‘மிட்’ என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடும். ஈசினோஃபில் அங்கேயும் விழலாம், கிரானுலோசைட் கணக்கிலும் சேரலாம், மெஷினைப் பொறுத்தது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இந்த மைலாய்டு அணுக்கள் என்ன சொல்கின்றன என்று தெரிய ஸ்லைடைப் பார்த்தே ஆக வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தில் 2 மணி நேரத்துக்குள் ஸ்மியர் போடுங்கள், அதாவது ஸ்லைடில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். தாமதித்தால் நியூட்ரோஃபிலின் உட்கரு உருண்டு போகும், மோனோசைட்டில் குமிழி விழும், இல்லாத கிருமித்தொற்றை இருப்பதாக எழுதிவிடுவோம். குழாயை மெதுவாக 8, 10 தடவை கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, ஸ்லைடின் ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி 2 முதல் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு துளி வைக்கவும். பரப்பும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரிக்குச் சாய்த்துத் துளியைத் தொட்டதும், ரத்தம் விளிம்பில் ஓடிப் பரவியவுடன் ஒரே இழுப்பில் தள்ளுங்கள். சோகை பிடித்தவரின் ரத்தம் நீர்த்திருக்கும்; சாய்வைக் கூட்டி வேகமாகத் தள்ள வேண்டும். கெட்டியான ரத்தத்துக்கு நேர்மாறு.

அடுத்தது காய வைப்பது. ஆடி மழையில் கெடுவது இங்கேதான். மெதுவாகக் காய்ந்தால் வெள்ளணுக்கள் சுருங்கி, மோனோசைட் லிம்ஃபோசைட் போலத் தெரியும். மின்விசிறியின் கீழ் உடனே காய வையுங்கள். கரண்ட் போனால் விசிறி மட்டையால் வீசலாம். வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஈரம் உண்டு. காய்ந்ததை மெத்தனாலில் நிலைப்படுத்தாமல் இரவு முழுக்க மேசையில் விட்டால் எறும்பும் கரப்பானும் தின்றுவிடும். அந்த மெத்தனாலும் ஈரத்தை உறிஞ்சும். பெரிய பாட்டிலைத் திறந்து திறந்து மூடாமல், அன்றன்றைக்குச் சிறிய பாட்டிலில் ஊற்றி எடுங்கள். சிவப்பணுவுக்குள் பளபளக்கும் வளையம் தெரிந்தால் நோயைத் தேடுமுன் மெத்தனாலைச் சந்தேகியுங்கள்.

லீஷ்மன் சாயத்தை ஊற்றி 2 நிமிடம். அதன் இரு மடங்கு பிஎச் 6.8 பஃபர் (அமில, காரச் சமநிலையைக் காக்கும் கரைசல்) சேர்த்துக் கலந்து 7 முதல் 10 நிமிடம். ஈசினோஃபிலின் ஆரஞ்சு மணிகள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பஃபரில் காரம் கூடிவிட்டது என்று பொருள்.

முதலில் 10 மடங்கு லென்ஸில், படலம் மெலிந்து முடியும் வால் பகுதியைப் பாருங்கள். மோனோசைட்டும் நியூட்ரோஃபிலும் அங்கும் ஓரங்களிலும் ஒதுங்கும். ஆகவே வாலை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் ஆயில் லென்ஸ் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சென்று 100 அணுக்களை எண்ணவும். லென்ஸைத் துடைக்க லென்ஸ் பேப்பர் மட்டும். லுங்கி முனை வேண்டாம்.

சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்புவது அரைகுறை வேலை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணு 1,200, அதில் நியூட்ரோஃபில் 75% என்றால் பார்வைக்குச் சரிதான், பெருக்கினால் 900. 1,500-க்குக் கீழே போனாலே குறைவு. 500-க்குக் கீழே போய்க் காய்ச்சலும் இருந்தால் அவசரம்.

வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஈசினோஃபில் 500-ஐத் தாண்டினால் குடற்புழுவை, முக்கியமாக ஸ்ட்ராங்கிலாய்டிஸை, நினையுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் ஈசினோஃபில் இறங்கும். புழுவோ உடம்பெங்கும் பெருகி ஆளையே கொல்லக்கூடும். ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுத்த எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. மோனோசைட் ரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜ் ஆகிறது. காசநோய்க் கிருமி குடியிருப்பது அந்த மேக்ரோஃபேஜுக்குள்தான், அதனால் ஸ்லைடில் மோனோசைட் சாதாரணமாக இருக்கிறது என்று காசநோயை ஒதுக்க முடியாது.

மலேரியா வரும் ஊர்களில் நியூட்ரோஃபிலுக்குள் பழுப்புக் கருமை நிறமி இருக்கிறதா என்று தனியே பாருங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா நோயாளிக்கு அது 5% நியூட்ரோஃபில்களுக்கு மேல் தெரிந்தால் நோய் கடுமை. பாதி மாத்திரை தின்றுவிட்டு வந்தவரின் ரத்தத்தில் கிருமி மறைந்திருக்கலாம். மோனோசைட்டில் இந்த நிறமி மட்டும் மிஞ்சியிருக்கும்.

நியூட்ரோஃபில் கூடி, கரடுமுரடான மணிகளும் வெளிர்நீலத் திட்டுகளும் இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. முதிராத மயலோசைட் முதல் முதிர்ந்தது வரை எல்லாப் பருவமும் வரிசையாக நிற்க, பேசோஃபிலும் கூடி, மண்ணீரலும் பெருத்திருந்தால் நாள்பட்ட மைலாய்டு லூக்கீமியாவாக இருக்கலாம். முதிராத தொடக்க அணுவான பிளாஸ்ட் 20% எட்டினால் தீவிர லூக்கீமியா. மணிகள் நெருங்கிய ப்ரோமயலோசைட்டுகளுக்குள் ஊசி ஊசியாக ஔயர் கம்பிகள் கட்டுக்கட்டாகத் தெரிந்தால், அது ரத்தப்போக்கில் ஆளைக் கொல்லக்கூடிய தீவிர லூக்கீமியா வகையாக இருக்கலாம்; ஈறில் ரத்தம் கசிகிறதா என்று நோயாளியைக் கேளுங்கள். ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல் டாக்டருக்கு அப்போதே ஃபோன் போடுங்கள்.