கடலோர வீட்டுச் சுவரில் ஓதமா? முதலில் உப்பைப் பாருங்கள்

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்: சுவர் பொரிந்து கொட்டுகிறது, பீரோவில் துணி பூஞ்சணம் பிடித்து நாறுகிறது. உடனே பெயிண்ட் டப்பாவைத் தூக்காதீர்கள். கடல் மணல் கலந்த பூச்சிலும், உவர் தண்ணீர் விட்டுக் கட்டிய சுவரிலும் உப்பு தங்கியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். அடுப்படியில் உப்பு ஜாடி நீர்த்துக்கொள்கிறதே, அதேதான். கூரை ஒழுகாமலேயே சுவர் நனைவது இப்படித்தான்.

1. உப்பா, பூஞ்சணமா?
சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோல் பூத்திருப்பதன் மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் திரண்டு நின்றாலோ, கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி வைத்திருந்தாலோ பூஞ்சணம்.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது?
ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை, பூச்சு உதிராத இடத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மாடிக் கைப்பிடிச் சுவர் வெடிப்பு, குளியலறைக் குழாய், வெளிச்சுவரில் அணைந்து கிடக்கும் மண் ஆகியவற்றைப் பாருங்கள். வெளி மண், வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். தாளுக்கு அடியில் காய்ந்தும் சுற்றிலும் நனைந்தும் இருந்தால், காற்று ஈரமும் உப்பும் செய்யும் வேலை அது.

3. உப்பை எடுப்பது
கீழே பேப்பர் விரித்து, தேங்காய் நார் பிரஷால் காய்ந்த நிலையிலேயே தேய்த்து, விழுந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பிறகு அச்சு மை இல்லாத தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை அங்குல கனத்தில் அப்புங்கள். அது காயும்போது சுவரின் உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்ததும் உரித்து எறியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால்தான் பலன் தெரியும்.

பூச்சே உதிர்ந்தால் ஓதக் கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரை கொத்தி எடுத்து, சுண்ணாம்பு 1, உப்பில்லாத மணல் 3 என்ற கணக்கில் பூசி, மேலே வெள்ளையடியுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியே இதற்கு ஏற்ற காலம். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். அது சுவரின் மூச்சை அடைத்துவிடும்; உப்பு பெயிண்டுக்கு அடியில் பூத்து, கொப்புளம் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும்.

4. பூஞ்சணத்தை எடுப்பது
இங்கே முறை தலைகீழ். காய்ந்த பூஞ்சணத்தைத் தேய்த்தால் வித்துத்தூள் வீடெங்கும் பறக்கும். என்-95 மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு, சுவர் ஊறிவிடாத அளவுக்கு மட்டும் நனைத்துத் துடையுங்கள். அடுத்து, 1 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்துத் தடவி, கழுவாமல் காய விடுங்கள். வெண்காரம் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் டைல்ஸுக்குச் சரி, பூச்சுச் சுவருக்கு ஆகாது. அது விட்டுச்செல்லும் கால்சியம் குளோரைடு, சோற்று உப்பைவிட வேகமாக ஈரம் இழுக்கும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ கழிவறை ஆசிடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள்; குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

5. திரும்ப வராமல் இருக்க
ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பிடிப்பது அரிது. மழைக்காலத்தில் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து போட்டால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். மழை விட்ட நாளில் 11 மணி முதல் 3 மணி வரை திறந்து, பொழுது சாயுமுன் மூடுங்கள். பீரோ சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, செங்கல் மேல் நிற்கட்டும். துணி வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து, சூடு ஆறிய பிறகே உள்ளே போகட்டும்.

ஓதத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால், நீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.