இனச்சுழற்சிப் பதிவேடு: புதிதாகப் பணியமைப்புப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு

பணியமைப்புப் பிரிவில் உட்கார்ந்த முதல் வாரமே ஒரு நியமனக் கோப்பு மேசைக்கு வந்துவிடும். தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கும். அதை எழுதி வைப்பது நம் வேலை. எழுதியது தவறினால், வேலை கிடைக்க வேண்டிய ஒருவருக்குக் கிடைக்காமலே போகும். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் படி, பழைய பதிவேட்டைத் திறப்பது. இனச்சுழற்சி என்பது இடஒதுக்கீட்டின்படி எந்தக் காலியிடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் வரிசை. தமிழ்நாட்டில் அது 200 புள்ளிகள், அதாவது 200 வரிசை எண்கள் கொண்டது. பொதுப்பிரிவுக்கு 62, பி.சி.க்கு 53, பி.சி. முஸ்லிம்களுக்கு 7, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 40, எஸ்.சி.க்கு 30, எஸ்.சி. அருந்ததியருக்கு 6, எஸ்.டி.க்கு 2. எந்தப் புள்ளி யாருக்கு என்பது 2016ஆம் ஆண்டு அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தின் அட்டவணையில் வரிசையாக இருக்கிறது. சென்ற முறை 37இல் நின்றிருந்தால் இப்போது 38இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நியமனத்துக்கும் திரும்ப 1இலிருந்து தொடங்கினால், பின்னால் வரும் பிரிவுகளுக்கு டர்னே, அதாவது அவர்களுடைய முறையே, வராது.

அப்புறம் விண்ணப்பங்கள். வந்தவை, தகுதியானவை, அழைக்கப்பட்டவர்கள், நேரில் வந்தவர்கள், தேர்வானவர்கள் என்று ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போட்டு, பிரிவுவாரியாக எண்ணிக்கை எழுதுங்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ்வழியில் படித்தவர்கள் எண்ணிக்கையும் தனியாக வேண்டும். எந்த இடத்தில் எண்ணிக்கை திடீரென்று சரிகிறது என்பது இதில்தான் தெரியும். தள்ளுபடியான மனுவில் ‘தகுதியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘எட்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று இணைக்கவில்லை’ என்று எழுதுங்கள். கேட்டு வருகிறவருக்கு அந்தக் காரணம் தெரிய வேண்டும்.

இனி எல்லோரும் சறுக்குகிற இடம். பதிவேட்டில் ‘விண்ணப்பதாரரின் இனம்’ ஒரு பத்தி, ‘எந்த டர்னில் தேர்வு’ என்பது வேறு பத்தி. இரண்டும் ஒன்றல்ல.

மூன்று இடங்கள் இருக்கின்றன என்று வையுங்கள்: ஒன்று பொது, ஒன்று பி.சி., ஒன்று எஸ்.சி. மதிப்பெண் வரிசையில் முதலில் ஒரு பி.சி. பெண், 88. அடுத்து எந்த ஒதுக்கீட்டிலும் வராதவர், 84. பிறகு ஒரு பி.சி. இளைஞர், 81. கடைசியில் ஒரு எஸ்.சி. பெண், 79. 88 எடுத்தவர் எல்லோரையும் விட அதிகம் வாங்கியவர். அவருக்குப் பொது டர்ன். பி.சி. டர்ன் 81க்கு, எஸ்.சி. டர்ன் 79க்கு. 84க்கு இடமில்லை. இதையே முதல் பெண்ணை பி.சி. டர்னில் எழுதிப் பாருங்கள். பொது இடம் 84க்குப் போய்விடும், 81 வெளியே. பொதுப்பிரிவு என்பது எல்லோருக்கும் திறந்த இடம். பெண்களுக்கான இடங்களிலும் இதே நியாயம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சௌரவ் யாதவ் வழக்கில் சொன்னது.

நான் புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரு பக்கம் முழுக்க இரண்டு பத்தியிலும் ஒரே எழுத்து. இனத்தைப் பார்த்து அப்படியே டர்னில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இடம் பெறாமல் போனவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் மதிப்பெண் பட்டியல் கோப்பில் இல்லை. அன்றிலிருந்து குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் போட்ட மதிப்பெண் தாளை அன்றே கையொப்பத்தோடு வாங்கிக் கோர்த்துவிடுகிறேன். திருத்தம் இருந்தால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. வெள்ளை மை கூடவே கூடாது.

கடைசியாக, ஆள் கிடைக்காத டர்ன். அருந்ததியர் புள்ளிக்குத் தகுதியானவர் வராவிட்டால் மற்ற எஸ்.சி.யினரை எடுக்கலாம். ஆனால் அருந்ததியர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஏன் தேர்வாகவில்லை என்பதைக் குறிப்பில் எழுதிய பிறகே எடுக்க வேண்டும். பதிவேட்டில் புள்ளி எஸ்.சி. (ஏ), அதாவது எஸ்.சி. அருந்ததியர், என்றே இருக்கட்டும். நிரப்பப்பட்ட விதத்தைக் குறிப்புப் பத்தியில் எழுதி, அலுவலகத் தலைவரிடம் அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள்.