விவாகரத்து வழக்கு முடியும்வரை கைச்செலவுக்கு என்ன வழி?

நெல் ஆலை, இரண்டு லொறி, ஏ9 வீதியோரம் நான்கு கடை. இதெல்லாம் இருந்த வீட்டிலிருந்து நான் வவுனியாவில் அம்மாவிடம் போய் இறங்கியபோது கைப்பையில் 4,300 ரூபா இருந்தது. எல்லாம் கணவர் பெயரில். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு என்ன கஷ்டம் என்று சொந்தக்காரரே கேட்டார்கள். வழக்கு முடியும்வரை கைச்செலவுக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். நம் நாட்டில் மற்றவரின் பிழையை நிரூபிக்க வேண்டும் என்பதால் வழக்கு இழுபடும். ஆனால் தீர்ப்பு வரும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வழக்கு நடக்கும் காலத்துக்கான தாபரிப்பை, அதாவது கணவர் தர வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 614ஆம் பிரிவில் கேட்கலாம். அதற்குத் தனியாக ஒரு மனுவும் சத்தியக்கடதாசியும் போட வேண்டும். வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் இரண்டு வழக்குத் தவணை வீணாகப் போனது.

தாபரிப்புத் தொகைக்கு, நீதிமன்றக் கட்டளைக்கு முந்திய 3 வருடத்தில் கணவரின் நிகர வருமானம்தான் கணக்கு. அங்கேதான் உண்மையான சண்டை. ஆலை நட்டத்தில் ஓடுகிறது என்று அவர் சத்தியம் செய்து கொடுத்தார். மகளின் பழைய கொப்பிகளோடு ஆலையின் மின்பட்டியல்களும் தற்செயலாக என்னிடம் வந்திருந்தன. பெரும்போக அறுவடை முடிந்த பெப்ரவரி, மார்ச் பட்டியல்களில் தொகை மற்ற மாதங்களைவிட மூன்று மடங்கு. நட்டத்தில் கிடக்கும் ஆலை இரவு பகலாக நெல் குற்றுமா? என் சட்டத்தரணி அவற்றைத் திகதி வாரியாக அடுக்கிக் கொடுத்தார். அதன்பிறகுதான் பேச்சு மாறியது. ஆகவே வீட்டை விட்டு வருமுன் வங்கிப் புத்தகம், லீசிங் கடிதம், கடை வாடகைப் பற்றுச்சீட்டு, லொறிப் புத்தகம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் செலவையும் ஒரு கொப்பியில் நாளாந்தம் எழுதுங்கள்: பால்மா, ரியூசன், மருந்து, பஸ் காசு.

பிள்ளைகளுக்கான தாபரிப்பை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்திலும் கேட்கலாம்.

சரி, முதல் கட்டளை வரும்வரை சட்டத்தரணிக்கு எப்படிக் கொடுப்பது? சீதனக் காணியை ஈடு வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால் உங்கள் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால், அல்லது உங்களைக் கைவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வழி இருக்கிறது. நகைக்கு அந்தத் தடை இல்லை. நான் ஆறு காப்பில் இரண்டை மட்டும் அடைவு வைத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக வைத்துவிடாதீர்கள், தவணைகள் பல வரும். சட்டத்தரணியிடம் ஒரு தவணைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பெயரில் வருமானமே இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். புருசன் பணக்காரர் என்று வெட்கப்பட்டு நிற்காதீர்கள். கிராம அலுவலரிடம் வதிவிடக் கடிதம் எடுத்துக்கொண்டு, கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள்.