வளர்ப்பு எலிகளுக்கு மூன்றடுக்கு ரேக்: நான் செய்த முறை

என் எலி சுண்டுவின் மூக்கோரம் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தம் என்று பதறி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தம் இல்லை, உடம்பு முடியாத எலிக்குக் கண்ணிலும் மூக்கிலும் கசிகிற நீரே அந்த நிறம்தான் என்றார். நெஞ்சில் கரகரவென்று சத்தம் வேறு. அப்போது என் எலிகள் இருந்தது மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில். சூடான ஆணியால் மூடியில் இருபது ஓட்டை போட்டு, காற்றுக்கு அது போதும் என்று நம்பியிருந்தேன். மூத்திரம் ஊறிய படுக்கையிலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. வளர்ப்பு எலிகள் பலவற்றின் மூச்சுக்குழலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி அடங்கிக் கிடக்கும். அம்மோனியா அதைக் கிளப்பிவிடும். சுண்டு பிழைக்கவில்லை.

அதன் பிறகு செய்ததுதான் இந்த ரேக். எலிகள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு மூடியே கிடையாது. மேலே வலைச் சட்டம் அசையாமல் நிற்கும். அதன் அடியில் தொட்டியை மேசை டிராயர் மாதிரி இழுக்கலாம், தள்ளலாம்.

கடைகளில் பொருள் அடுக்க வைத்திருப்பார்களே, அந்த ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கே போதும். 6 அடி உயரம், தட்டு 3 அடிக்கு 2 அடி, மூன்று தட்டு. தரையிலிருந்து 10 இன்ச் விட்டு முதல் தட்டு, பிறகு 20 இன்ச்சுக்கு ஒன்று. தொட்டி 30 இன்ச் நீளம், 20 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம். கணக்குப் பார்த்தால் 4 கன அடி வரும், இரண்டு எலிக்குச் சரி. ஒற்றை எலியாக வைக்காதீர்கள், துணையில்லாமல் அது வாடிவிடும். ஆணும் பெண்ணும் தனித்தனி அடுக்கில். குட்டிகளையும் 5 வாரத்தில் பிரித்தாக வேண்டும்.

வலை வாங்கும்போது கடையில் நூல் கணக்கில் கேளுங்கள், ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். பெரிய எலிக்கு 4 நூல் கண் உள்ள வெல்டு மெஷ், குட்டி இருக்கும் அடுக்குக்கு 2 நூல். அரை இன்ச் சந்தில் குட்டி நுழைந்து போய்விடும். புது ஜி.ஐ. வலையை வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே பூட்டுங்கள். வலையைத் தரையாக மட்டும் போடவே கூடாது, உள்ளங்கால் புண்ணாகும்.

சட்டம் 34க்கு 22 இன்ச், ரீப்பர் கட்டையில். வலையைச் சட்டத்தின் அடிப்பக்கம் அடியுங்கள். மேல்பக்கம் அடித்தால் கட்டை எலியின் வாய்க்கு எட்டும், கொறித்தே தீர்த்துவிடும். வெட்டிய கம்பி முனைகளை மேலே மடக்கிவிடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறுக்கு ஆங்கிளைக் கால்களில் முடுக்கி, அதன்மேல் சட்டத்தை உட்கார வைக்க வேண்டும்.

மொத்த வேலையின் உயிர் இந்த இடத்தில்தான். தொட்டி விளிம்புக்கும் வலைக்கும் நடுவே 1 நூல் சந்துக்கு மேல் போகக் கூடாது. முதலில் தொட்டியைத் தட்டில் வையுங்கள். விளிம்பின்மேல் 1 நூல் கனமுள்ள அட்டையை நான்கு பக்கமும் வைத்து, அதன்மேல் சட்டத்தை வையுங்கள். ஆங்கிளின் ஓட்டை நமக்கு வேண்டிய உயரத்தில் வராது, ஆகவே குறுக்கு ஆங்கிளைச் சற்றுக் கீழே முடுக்கி, சட்டத்துக்கும் அதற்கும் நடுவே வாஷர்களை அடுக்கிச் சரிக்கட்டிவிட்டு போல்ட் போடுங்கள். அட்டையை உருவினால் தொட்டி வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

எனக்கு அது நேராக வந்தும் நாலாம் நாள் கருப்பி வெளியே. கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலி, தண்ணீர், காகிதம் எல்லாம் சேர்ந்த கனத்தில் தகரத் தட்டு நடுவில் தொய்ந்து, சந்து அரை இன்ச் ஆகியிருந்தது. தட்டின்மேல் 12 மி.மீ. பிளைவுட் போட்டு மறுபடி அளந்த பிறகுதான் நின்றது. நீங்கள் முதலிலேயே போட்டுவிடுங்கள். தொட்டிக்கு முன்னால் திருகுகட்டை ஒன்றும் வேண்டும், உள்ளிருந்து உந்தினால் தொட்டி நகரும்.

தொட்டியின் இரண்டு பக்கமும் எதிரெதிரே ஜன்னல் வெட்டுங்கள், அடியிலிருந்து 5 இன்ச் மேலே. மூலையில் துளை போட்டு ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் கீறல் விடாது. வழவழப்பான சுவரில் எலிக்குப் பல் பிடிக்காது. ஓரம் கிடைத்தால் விடவே விடாது. அதனால் வலையை உள்பக்கம், வெட்டைவிட நாலா பக்கமும் 1 இன்ச் கூடுதலாக வரும்படி வைத்து, வாஷர் போட்டு முடுக்குங்கள். தண்ணீர் பாட்டிலை மேல்வலையில் சாய்த்துக் கட்டி, குழாய் மட்டும் உள்ளே நீட்டட்டும்.

ரேக்கின் தலையைச் சுவரோடு கிளாம்ப் போட்டுக் கட்டாமல் எலியை ஏற்றாதீர்கள். மேல் தொட்டியை முழுக்க இழுத்தால் ரேக் நம்மேல் சாயும்.

எங்கள் திருப்பூரில் பனியன் வேஸ்ட் சும்மா கிடைக்கிறது என்று படுக்கைக்குப் போடத் தோன்றும். வேண்டாம். பிரிந்த நூல் காலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். நூல் பிரியாத கட்டிங் துண்டில் தூளி கட்டித் தொங்கவிடலாம், எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். கீழே கிழித்த காகிதமும் அட்டையும். உமியில் தூசி அதிகம், பைன் மரத்தூள் மூச்சுக்கு ஆகாது.

சித்திரை வெயிலில் மேல் அடுக்கைக் காலி செய்துவிடுவேன். எலிக்கு நம்மைப்போல் வேர்க்காது, வால் வழியாகவும் சூட்டை வெளியேற்றும். நனைத்த ஓடு ஒன்றைத் தொட்டியில் வைத்தால் அதன்மேல் வாலை நீட்டிப் படுத்திருக்கும். எறும்பு குட்டியை மொய்க்கும் என்பதால், பலகார அலமாரிக்குச் செய்கிற மாதிரி ரேக்கின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறேன்.

முதல் ராத்திரி எலிகளை விட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். கொறிக்கிற சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பல் பட்ட இடத்தில் விடிந்ததும் தகடு அடித்துவிடுங்கள்.